வளருற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசா எடுப்பம்

போன மாதப் பத்திக்குப் பிறகு ஹரோவில் இருந்து ஒரு அப்பா எழுதியிருந்தார். மகனுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு வருடமாக நண்பனுடைய 65 சிசி மோட்டோகிராஸ் பைக்கை ஓட்டிப் பழகியிருக்கிறான். இப்போது சொந்தமாக ஒன்று கேட்கிறான். "85 எடுக்கிறதா, 125 எடுக்கிறதா அக்கா? 125 எண்டால் பதினாறு வயது வரைக்கும் பாவிக்கலாம். திரும்பத் திரும்பக் காசு கொட்டத் தேவையில்லை. இரண்டுமே டூ-ஸ்ட்ரோக்தான். நீங்கள் என்ன சொல்லுறீங்கள்?"

கடிதத்தை வாசித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது பைக் அல்ல, பள்ளிக்கூட பிளேசர்.

நான் செகண்டரி தொடங்கிய வருடம் அம்மா என்னை இல்ஃபோர்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு சைஸ் பெரிய பிளேசர் வாங்கித் தந்தார். கை, விரல் நுனியைத் தாண்டித் தொங்கியது. கடைக்காரி என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். "வளருற பிள்ளைதானே" என்று அம்மா சொன்னார். அந்த பிளேசர் எனக்கு அளவாக வந்தபோது அதன் முழங்கை தேய்ந்துபோயிருந்தது. உங்களில் பலருக்கும் இப்படி ஒரு பிளேசர் இருந்திருக்கும். அது கஞ்சத்தனம் இல்லை. வந்து இறங்கின நாட்டில் ஒவ்வொரு பவுணையும் இரண்டு தரம் எண்ணிப் பார்த்த ஆட்களின் கணக்கு அது. நாங்களும் அதே கணக்கில்தான் பிள்ளைகளுக்குச் சப்பாத்து, சைக்கிள், குளிர் ஜாக்கெட் எல்லாம் வாங்குகிறோம்.

டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக்குக்கு மட்டும் இந்தக் கணக்கு சரிவராது. நான் அதைச் செய்து பார்த்தவள். அதனால்தான் அந்த அப்பாவுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு 85 வந்த கதை

குட்மேய்ஸில் எங்களுடையது வரிசை வீடு. முன்னால் கார் விட இடமில்லை, பின்னால் ஒரு ஷெட். மோட்டோகிராஸுக்குப் பொருத்தமில்லாத வீடு என்றால் எங்கள் வீட்டைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்பது வயதில் மகள் ஒரு பிறந்தநாள் விழாவுக்குப் போய், அங்கே சின்னஞ்சிறு ஃபோர்-ஸ்ட்ரோக் பைக் ஒன்றில் இருபது நிமிடம் ஓடிவிட்டு வந்தாள். அன்றிரவு அவளுக்கு நித்திரை வரவில்லை. அடுத்த கோடை முழுக்க வாடகைக்குத் தரும் ஓரிடத்தில் ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஓடினாள். பிறகு, "அம்மா, ரியல் பைக்" என்று தொடங்கினாள். ரியல் பைக் என்றால் டூ-ஸ்ட்ரோக்.

என் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த வேலை தேவையே? விழுந்து முகத்தில காயம் வந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"நீங்கள் யாழ்ப்பாணத்தில சாலி ஓடின ஆள்தானே அம்மா?"

"அது சாலி. வேலைக்குப் போக ஓடினது. வயலுக்குள்ள பாயிறதுக்கு இல்லை."

ஹொண்டா சாலியை அறியாதவர்கள் அம்மா அப்பாவைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பெண்களைச் சைக்கிளில் இருந்து மோட்டாருக்கு ஏற்றிய குட்டி வண்டி அது. அந்தச் சண்டையில் நான் வென்றேன். வென்ற சூட்டில்தான் பிழை விட்டேன்.

மகளுக்கு அப்போது பத்து வயது, உயரம் 137 சென்டிமீட்டர். 65 தான் அளவு. ஆனால் இவர் சொன்னார்: "65 எடுத்தால் ஒரு வருசத்தில சின்னனாய்ப் போயிடும். வளருற பிள்ளைதானே, கொஞ்சம் பெரிசா எடுப்பம்." நானும் தலையாட்டினேன். எனக்குள் இன்னொன்றும் இருந்தது, அதை இப்போதுதான் ஒப்புக்கொள்கிறேன். "மகள் 85 ஓடுறாள்" என்று சொந்தக்காரருக்குச் சொல்ல எனக்கு ஆசை.

எசெக்ஸில் ஒருவரிடம் பாவித்த 85 ஒன்று கிடைத்தது. பெரிய சில்லுள்ள வகை. மகள் ஏறி இருந்தாள். ஒரு பக்கத்துப் பெருவிரல் மட்டும் நிலத்தில் பட்டது. "ஓகேயா பிள்ளை?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்த்தாள். "ம்ம், ஓகே அம்மா" என்றாள்.

சிசி என்ன சொல்லும், என்ன சொல்லாது

சிசி என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்கும் இடத்தின் கொள்ளளவு, அவ்வளவுதான். வண்டி எவ்வளவு வேகம், எவ்வளவு பாரம், எவ்வளவு உயரம், எப்படிப்பட்ட குணம் என்பதை அந்த எண் சொல்லாது.

தமிழ்நாட்டுச் சொந்தங்கள் இன்றும் பெருமூச்சு விடும் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியை எடுங்கள். 1985 முதல் 1996 வரை இந்தியாவில் செய்யப்பட்டது. 98 சிசி டூ-ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். எடை நூறு கிலோவுக்குச் சற்று மேல். இரண்டு பெரியவர்களை ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியது. இன்றைய 85 சிசி மோட்டோகிராஸ் பைக்கின் எஞ்சின் அதைவிடச் சின்னது. ஆனால் சக்தி இரண்டு மடங்குக்கு மேல், எடையோ எழுபது கிலோ அளவுதான். அப்பாவின் நண்பர்கள் கல்லூரிக்கு ஓட்டிப்போன வண்டியைவிட இரண்டு மடங்கு பலமான ஒன்றைத்தான் நாங்கள் பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுத்திருந்தோம்.

125 என்ற எண் இன்னும் ஏமாற்றும். இங்கே பதினேழு வயதில் ஏ1 லைசென்சில் ஓடக்கூடிய 125 ஒன்று இருக்கிறதல்லவா? அதற்குச் சட்டம் வைத்த உச்சவரம்பு 11 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 15 குதிரைத்திறன். 125 டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் பைக்கோ 35, 40 வரை போகும். பீட்ஸா கொண்டுவரும் பொடியன் ஓடுவதும் 125 தான், ஹரோ அப்பா பார்த்து வைத்திருப்பதும் 125 தான். எண் மட்டுமே ஒன்று.

காரணம் எஞ்சினின் வேலை முறையில் இருக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்ற ஒரு தரம் வெடிக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு. வால்வுகள், கேம் ஒன்றும் இல்லாததால் பாரமும் குறைவு. ஆனால் புகை வெளியேறும் அதே நேரத்தில் புது எரிபொருளும் உள்ளே வருவதால், அதில் ஒரு பங்கு எரியாமலே வெளியே ஓடப் பார்க்கும். இதைத் தடுக்கத்தான் அந்த வயிறு பெருத்த புகைக்குழாய். குறிப்பிட்ட ஒரு சுழற்சி வேகத்தில் குழாய்க்குள் எழும் அழுத்த அலை திரும்பி வந்து, தப்பி ஓடும் எரிபொருளைச் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். 1950-களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். தொழிற்சாலையில் வால்டர் காடன் என்ற பொறியியலாளர் இந்த வித்தையை உச்சத்துக்குக் கொண்டுபோனார். 1961-இல் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குப் பக்கம் தப்பிவந்து சுசுகியில் சேர, அறிவும் அவரோடு ஜப்பானுக்குப் போனது.

பிள்ளைக்கு இதனால் என்ன? அந்தச் சுழற்சி வேகம் வரும்வரை பைக் சாதுவாக இருக்கும். வந்ததும் யாரோ முதுகில் பிடித்துத் தள்ளியதுபோலப் பாயும். இதைத்தான் பவர் பேண்ட் என்கிறார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் படிக்கட்டில் ஏறுவதுபோல ஒவ்வொரு படியாகச் சக்தி தரும். மோட்டோகிராஸ் டூ-ஸ்ட்ரோக் கீழ்ப்படியில் நின்று சட்டென்று மேல்மாடிக்குத் தாவும். பழகிய பிள்ளைக்கு அதுதான் சுகம். பயந்த பிள்ளைக்கு அதுதான் பேய்.

பிளக் சொன்ன உண்மை

முதல் நான்கு வார இறுதிகளில் மூன்று ஸ்பார்க் பிளக் போனது. கழற்றிப் பார்த்தால் கறுப்பாய், எண்ணெய் ஊறி ஈரமாய் இருக்கும். புது பிளக் போட்டால் ஓடும், அரை மணித்தியாலத்தில் இருமும், பிறகு நிற்கும். இவர் எண்ணெய்க் கலவையில் பிழை என்றார். டூ-ஸ்ட்ரோக்குக்குப் பெற்றோலோடு எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும். 40-க்கு 1 என்றால் ஐந்து லிட்டருக்கு 125 மில்லி. அளந்து அளந்து ஊற்றினோம். கார்புரேட்டரைக் கழுவினோம். ஜெட் மாற்றினோம்.

ஐந்தாவது ஞாயிறு பக்கத்து வானில் ஒரு தாத்தா நின்றார். எசெக்ஸ்காரர், மூன்று பேரப்பிள்ளைகளோடு வந்தவர். பிளக்கை வாங்கி மூக்குக் கண்ணாடிக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். "பைக்கில ஒண்டும் இல்லை. உங்கட பிள்ளை த்ராட்டிலைத் திறக்கிறாள் இல்லை" என்றார்.

அவர் சொன்னது இதுதான். இந்த எஞ்சின் உயர்ந்த சுழற்சியில் ஓடப் பிறந்தது. பயந்து பயந்து மெதுவாகவே ஓட்டினால் உள்ளே சூடு போதாது. எண்ணெய் முழுக்க எரியாமல் பிளக்கில் படிந்துவிடும். பிள்ளை தன் வாயால் சொல்லாததை பிளக் சொல்லிவிட்டது.

அந்த இடத்தில் நாங்கள் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. "பயப்பிடாமல் முறுக்குங்கோ பிள்ளை, ஒண்டும் நடக்காது" என்று இவரும் சொன்னார், நானும் சொன்னேன்.

முறுக்கினாள். ஒரு வளைவு முடிந்து மேடு ஏறும் இடத்தில் பவர் பேண்ட் பிடித்தது. பயந்து த்ராட்டிலை ஒரேயடியாக மூடினாள். பைக் மேட்டின் நடுவில் நின்றது. காலை ஊன்றப் பார்த்தாள், கால் எட்டவில்லை. எழுபது கிலோ அவள் பக்கம் சாய்ந்தது. கையை ஊன்றினாள். இடது மணிக்கட்டு முறிந்தது. அது வேகத்தால் வந்த விபத்தே இல்லை, நின்ற வண்டி விழுந்து வந்த முறிவு. ஆறு கிழமை பிளாஸ்டர்.

அவள் அழவில்லை. காரில் வரும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அம்மம்மாட்ட சொல்லப் போறீங்களா?"

பிறகு மெதுவாக, பாதித் தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் மிச்சத்தையும் சொன்னாள். முதல் நாளே பெரிசாகத்தான் இருந்ததாம். சொன்னால் எல்லாரும் "நாங்கள் அப்பவே சொன்னோமே" என்று பைக்கையே நிறுத்திவிடுவார்களாம். நான் அவளுக்காக அம்மம்மாவோடு சண்டை போட்டேனாம், அதனால் என்னிடமும் சொல்ல முடியவில்லையாம்.

பிளேசர் கடையில் நானும் அம்மாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் எங்களைப் போலத்தான்.

அப்ப எந்தச் சைஸ்?

முதலில் வழக்கத்தில் உள்ள படிகளைச் சொல்கிறேன். வயதுகள் எல்லாம் சும்மா ஒரு மட்டுக்கட்டுத்தான். போட்டிக்குப் போவதென்றால் எந்த வகுப்பில் எந்த வயது என்று அந்தக் கழகத்திடமே கேளுங்கள்.

50 சிசி, நாலு வயது முதல் எட்டு வயது மட்டும். கியர் மாற்றத் தேவையில்லை, கிளட்ச் தானாக வேலை செய்யும். யமஹா பிடபிள்யூ50 1980-களில் இருந்து ஏறத்தாழ அதே வடிவில் வருகிறது. எண்ணெயைத் தானே கலந்துகொள்ளும், த்ராட்டில் எவ்வளவு திறக்கலாம் என்று அப்பா அம்மா கட்டுப்படுத்தவும் முடியும். கேடிஎம் 50 எஸ்எக்ஸ் அப்படி இல்லை, அது பந்தயக் குட்டி. இரண்டும் 50 தான் என்று மாறி வாங்கிவிடாதீர்கள்.

65 சிசி, ஏழு எட்டு வயது முதல் பதினொன்று பன்னிரண்டு வரை. கையால் பிடிக்கும் கிளட்ச், காலால் மாற்றும் கியர். இருக்கை உயரம் 75 சென்டிமீட்டர் அளவு, எடை 60 கிலோ அளவு. பிள்ளை உண்மையில் ஓடப் பழகும் பள்ளிக்கூடம் இதுதான்.

85 சிசி, பத்து முதல் பதினாலு வரை. இதில் இரண்டு வகை உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சின்னச் சில்லு முன்னால் 17 அங்குலம், பின்னால் 14. பெரிய சில்லு 19-க்கு 16. எஞ்சின் ஒன்றே, உயரம்தான் வேறு. சின்னதன் இருக்கை 86 சென்டிமீட்டர் அளவு, பெரியது அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூட. பத்து வயதுப் பிள்ளையின் காலுக்கு அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டர் பெரிய தூரம். விளம்பரத்தில் "85" என்று மட்டும் போட்டிருந்தால் சில்லின் அளவைக் கேட்காமல் வானை எடுக்காதீர்கள்.

125 சிசி, பதின்மூன்று பதினாலுக்கு மேல், அதுவும் 85-ஐ முழுக்க ஓடி முடித்த பிள்ளைக்கு. இருக்கை 95 சென்டிமீட்டரைத் தாண்டும், எடை 90 கிலோவைத் தாண்டும். பெரிய ஆட்களும் ஓடும் முழு அளவு வண்டி இது. 85-க்கு உயரம் கூடி, 125-க்குப் பாரம் போதாமல் நடுவில் நிற்கும் பிள்ளைகளுக்குக் கவாசாகியின் கேஎக்ஸ்112 இருக்கிறது, 2022 முதல் வருகிறது.

இப்போது பிள்ளையை வண்டியோடு சேர்த்துப் பாருங்கள். பூட்ஸ், ஹெல்மெட், எல்லாக் கவசமும் போட்டபடிதான் பார்க்க வேண்டும்.

இருக்கையில் இருந்து இரண்டு காலின் முன்பாதமும் நிலத்தில் பட வேண்டும். தொடக்கக்காரப் பிள்ளைக்கு ஒரு காலாவது முழுதாகப் பதிய வேண்டும். விழுத்திவிட்ட வண்டியைத் தானே நிமிர்த்த முடியுமா? தானே கிக் பண்ணி ஸ்டார்ட் பண்ண முடியுமா? கிளட்சை இரண்டு விரலால் எட்டிப் பிடிக்க முடியுமா? எழுந்து நின்று ஓடும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் முட்டுகிறதா? முதல் நான்குக்கும் இல்லை என்றால் வண்டி பெரிசு. கடைசிக்கு ஆம் என்றால் வண்டி சின்னன்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சோதனை இருக்கிறது. இப்போது ஓடும் பைக்கில் பிள்ளை பவர் பேண்டுக்குள் போய், அங்கேயே நின்று, சந்தோசமாக ஓடுகிறதா? நேர்ப்பாதையில் த்ராட்டிலை முழுதாகத் திறக்கிறதா? திறக்கிறது என்றால் அடுத்த சைஸைப் பற்றிக் கதைக்கலாம். திறக்கவில்லை என்றால் அடுத்த சைஸ் அதைச் சொல்லிக் கொடுக்காது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கலவையும் கார்புரேட்டரும் சரியாக இருந்தால், பிளேன்டீ நிறத்தில் காய்ந்திருப்பது நல்ல அறிகுறி.

ஒரு நாளும் ஓடாத பிள்ளைக்கு டூ-ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்றும் இல்லை. ஹொண்டா சிஆர்எஃப்110, யமஹா டிடிஆர்110 போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக்குகள் எண் பெரிசு, குணம் சாது. கிளட்ச் தானாக இயங்கும். 110 என்ற எண்ணைப் பார்த்துப் பயந்து, 65 சின்னன்தானே என்று பந்தய வண்டியை வாங்குபவர்களும் உண்டு. அது தலைகீழ்.

அப்பாமாருக்கும் ஒரு சொல். பிள்ளைக்குப் பார்க்கப் போய் தனக்கும் ஒன்று எடுக்கும் வருத்தம் எங்கள் வீட்டிலும் வந்தது. பெரியவர்களில் கதை கொஞ்சம் மாறும். 125 கத்திக் கத்தி ஓட்டினால்தான் போகும். 300 சிசி எண்டியூரோ டூ-ஸ்ட்ரோக்குகள் கீழ்ச் சுழற்சியிலேயே இழுக்கும், அதனால் சிலருக்கு அதுதான் சுலபம். 250 மோட்டோகிராஸ் பைக் முதல் வண்டி அல்ல. நாற்பது வயது முழங்காலுக்குச் சத்தியமாக அல்ல.

எங்கே ஓடலாம்?

குட்மேய்ஸ் பார்க்கிலோ, செவன் கிங்ஸ் பார்க்கிலோ, வீட்டுப் பின் ஒழுங்கையிலோ ஓட முடியாது. "ஐந்து நிமிசம் சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பம்" என்பதும் கூடாது. இந்த வண்டிகளுக்கு லைட் இல்லை, நம்பர் பிளேட் இல்லை, ரோட்டுக்குரிய பதிவும் இல்லை. 1988-ஆம் ஆண்டு ரோட் ட்ராஃபிக் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அனுமதியில்லாமல் பொது வெளியிலும் நடைபாதையிலும் மோட்டார் வண்டி ஓட்டுவதைத் தடுக்கிறது. 2002-ஆம் ஆண்டு பொலிஸ் ரிஃபோர்ம் சட்டத்தின் 59-ஆம் பிரிவில், மற்றவர்களுக்குத் தொல்லையாக ஓட்டும் வண்டியைப் பொலிஸ் பறித்துக்கொண்டு போகலாம். சொந்தக்காரரின் அனுமதியுள்ள தனியார் நிலம், அல்லது முறையான டிராக். அவ்வளவுதான். கென்டில் ஸ்வொன்லியின் கனடா ஹைட்ஸ், எசெக்ஸில் வேக்ஸ் கோன் ஆகியவை மோட்டோகிராஸுக்குப் பேர்பெற்ற இடங்கள். எந்த நாளில் எந்த வயதுக்கு, எந்தச் சைஸுக்கு என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

"இது எங்கட ஆட்களின்ர விளையாட்டு இல்லையே" என்று யாராவது சொன்னால் நான் எங்கள் ஊர்க்கதை ஒன்று சொல்வேன். மோட்டோகிராஸ் பிறந்தது இங்கிலாந்தில், 1924-இல் சர்ரேயின் கேம்பர்லியில். அப்போது பெயர் ஸ்கிராம்பிள். நாங்கள் இருக்கும் குட்மேய்ஸ் 1965 வரைக்கும் எசெக்ஸ். பேர்ட் கிரீவ்ஸ் என்பவர் நடக்க முடியாத தன் கசினுக்காக எஞ்சின் பூட்டிய நாற்காலி ஒன்றைச் செய்தார். அதில் இருந்து அதே எசெக்ஸின் தண்டர்ஸ்லியில் இன்வாகார் என்ற கம்பனி வளர்ந்தது, பிறகு அதே இடத்தில் கிரீவ்ஸ் டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள். 1960-இலும் 1961-இலும் டேவ் பிக்கர்ஸ் கிரீவ்ஸ் 250-இல் ஓடி ஐரோப்பிய மோட்டோகிராஸ் சாம்பியன் ஆனார். ஒரு ஆளின் உடம்புக்கு அளவாக வண்டி செய்வதில் தொடங்கிய தொழிற்சாலை அது. என் மகளுக்கு 85 வாங்கும்போது இந்தக் கதை எனக்குத் தெரிந்திருக்கலாம்.

ஹரோ அப்பாவுக்கு

தம்பி, 125 வேண்டாம். மகன் 65-ஐ முழுக்கத் திறந்து ஓடுகிறான் என்றால் 85 எடுங்கள். சின்னச் சில்லா, பெரிய சில்லா என்பதை அவனுடைய கால் சொல்லட்டும், வயது சொல்ல வேண்டாம். நீங்கள் ஸ்டாண்டில் நின்று பார்த்துத் தீர்மானிக்காமல் அவனை ஏற்றி இருத்திப் பாருங்கள். "ஓகேயா?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எங்கள் பிள்ளைகளிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. "எது பயமா இருக்கு?" என்று கேளுங்கள்.

காசைப் பற்றியும் சொல்கிறேன். எல்லாப் பிள்ளையும் வளருவதால் 65-க்கும் 85-க்கும் எப்போதும் ஆள் இருக்கும். நன்றாகப் பராமரித்து, எத்தனை மணித்தியாலம் ஓடியது, பிஸ்டன் எப்போது மாற்றியது என்று எழுதி வைத்தால் விற்பது கஷ்டமில்லை. சைஸ் மாறும்போது நீங்கள் செலவழிப்பது இரண்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். பெரிசாக எடுத்தால் மிச்சம் என்று நாங்களும் நினைத்தோம். 85-ஐ நட்டத்துக்கு விற்றோம், ஆறு கிழமை வீட்டில் இருந்தோம், பிறகு 65 வாங்கினோம். மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் பைக்கைப் பாவித்ததாக எடுங்கள். ஹெல்மெட்டையும் பூட்ஸையும் புதிதாக, அளவாக எடுங்கள்.

65-இல் அவள் முதல் நாள் ஓடியது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இரண்டு காலையும் நிலத்தில் பதித்து நின்றாள், பிறகு போனாள். மூன்றாவது சுற்றில் அந்த எஞ்சின் சத்தம் மாறியது. இருமல் போய், கூர்மையாய், தேனீ மாதிரி. இவர் என் கையைப் பிடித்தார். பவர் பேண்டுக்குள் போய்விட்டாள். தன் பாட்டில், யாரும் "முறுக்கு" என்று சொல்லாமல்.

கை முறிந்ததை அம்மாவுக்கு நான்தான் சொன்னேன். பிள்ளையில் பிழையில்லை, வண்டி பெரிசு, வாங்கினது நாங்கள் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "சாலியில எனக்கு இரண்டு காலும் நிலத்தில பட்டது" என்றார். மகள் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு அவர் தடுக்கவில்லை. மெச்சவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபிளாஸ்கில் தேத்தண்ணி போட்டுத் தருகிறார்.

இப்போது மகளுக்குப் பன்னிரண்டு. இரண்டு மாதத்துக்கு முன்னால் தானே வந்து சொன்னாள்: "அம்மா, முழங்கால் ஹேண்டில்பாரில முட்டுது." சின்னச் சில்லு 85 ஒன்று பார்த்து எடுத்தோம். இருந்து பார்த்துவிட்டு, "கிளட்ச் கொஞ்சம் தூரமா இருக்கு, கிட்ட எடுங்கோ" என்றாள். எனக்கு அந்தச் சொல் அவள் வாங்கிய எந்தப் பரிசையும்விடப் பெரிசு.

அவள் செகண்டரி தொடங்கியபோது பிளேசரை மட்டும் இரண்டு சைஸ் பெரிசாகத்தான் வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு விழுந்தால் கை முறியாது.